சிங்கவரம் பஸ் நோட்டீஸ்

செஞ்சி பேருந்து நிலையத்தில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் என் கைக்கு வருகிறது. நிறுத்தியிருந்த சிங்கவரம் மாலைப் பேருந்து இன்று முதல் மீண்டும் ஓடும் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். கொடுப்பவர் சிங்கவரத்தில் கடலைக்காட்டு வேலை செய்யும் செல்வி.

"பஸ் எப்படிங்க திரும்ப வந்துது?"

"பள்ளிக்கூடப் பொண்ணுங்க இருட்டுல நடந்து வந்துச்சுங்க. வாயால கேட்டப்ப யாரும் காதுல வாங்கல. பொம்பளைங்க சேந்து, பஸ் வேணும்னு மொதல்ல ஒரு நோட்டீஸ் அடிச்சோம். டீக்கடை, சலூன்னு டவுனே படிச்சுது. பஸ்ஸ விட்டுட்டாங்க."

அருகில் நிற்கும் செல்வியின் தோழி தன் நோட்டீஸை அவரிடம் நீட்டுகிறார். "இன்னா போட்டுக்குது, படிச்சிக் காட்டு."

"நீயே படி. இப்பதான் எழுத்து கத்துக்கினியே. உனக்காகத்தான் பெருசா போடச் சொன்னேன்."

தோழி எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கிறார். பேருந்து வந்து நிற்கிறது. அதன் நெற்றியில் உள்ள ஊர்ப் பெயரையும் யாரிடமும் கேட்காமல் தானே படித்துவிட்டு, முதல் ஆளாக ஏறுகிறார்.