மூட்டைக்கு இருந்த இடம்

கல்லூரி விண்ணப்பத்தோடு என்னைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்றதும் எனக்கு முதலில் தோன்றிய முகம் என்னுடையது அல்ல, எஸ்டேட் சூப்பர்வைசருடையது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று காலை, ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த என்னை இறக்கிவிட்டவர். குரங்கணிக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களான எங்கள் லயத்து வீடுகளிலிருந்து கீழே போக அந்த ஒரு ஜீப்புதான்.

"எடமில்ல, எறங்கு. மூட்டை ஏத்தணும்."

"ஒரு ஓரமா ஒட்டிக்கிர்றேண்ணே."

"பரீச்சை அடுத்த வருசமும் வரும் மாப்ளே. காய் இன்னைக்கே ஏலத்துக்குப் போயாகணும்."

பக்கத்தில் நின்ற அம்மா, "பரீச்சைக்குப் போற புள்ளைண்ணே" என்றாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்த இடத்தில் ஏலக்காய் மூட்டை உட்கார்ந்துகொண்டு போனது. குரங்கணி வரை ஓடி, பஸ்சைப் பிடித்து, போடிக்குப் போய், கெஞ்சிக் கூத்தாடிப் பரீட்சை அறைக்குள் நுழைந்தபோது எல்லோரும் பாதி எழுதி முடித்திருந்தார்கள். பெரிய கணக்குகளைத் தொடவே முடியவில்லை. அந்த மார்க்கை வைத்துக்கொண்டு நான் ஆசைப்பட்ட கல்லூரியில் சேர வேண்டுமானால் இந்தக் கட்டுரைதான் கைகொடுக்க வேண்டும்.

எழுதும் முன் குறிப்புகளை வரிசைப்படுத்திக்கொள் என்று சொன்னது, அந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ராசிங்காபுரத்து அக்கா. வரிசைப்படுத்தினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதைக்கூடப் பின்னால் தள்ளிவிட்டேன். முதலில் சூப்பர்வைசரின் மீசை. அடுத்து, காய் எடுக்கும் பெண்களை அவர் கூப்பிடும் விதம். பிறகு அந்த ஜீப்பு. முடிவில் அவர் பெயரை ஊரோடு சேர்த்து எழுதுவதாகத் திட்டம். படிக்கிற யாராவது மலையேறி வந்து அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

அப்படியே எழுதி முடித்ததை, போடி பஸ் நிலையத்து டீக்கடையில் அக்கா படித்தாள்.

"இதப் பாத்தா சீட்ட அவருக்குத்தான்டா கொடுப்பாங்க. இதுல நீ எங்க இருக்க?"

"அவரு செஞ்சத எழுத வேணாமாக்கா?"

"மொத்தம் ஐந்நூறு வார்த்தை. அவர ஏத்துனா நீ எறங்கணும்."

சுருக்கென்றது. அங்கேயே பேனாவை வாங்கி அடிக்க ஆரம்பித்தேன். மீசையை அடிக்கத்தான் மனசே வரவில்லை. கடைசியில் மிஞ்சியது ஓட்டம்: செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சூத்திரங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு இறங்கியது, விட்டுப்போன கணக்குகளை அன்று சாயங்காலமே, மார்க் போட ஆளில்லாமல், லயத்து வாசலில் உட்கார்ந்து போட்டு முடித்தது. அவருக்கு நான் ஒதுக்கியது மூன்றே சொல். அன்று வண்டி கிடைக்கவில்லை.

சீட்டு கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போக எல்லோரும் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் என் தோளில் கையைப் போட்டார்.

"நம்ம ஜீப்புல போய்ப் படிச்ச பய! கட்டுரை எழுதித்தான் சீட்டு வாங்குனியாமே, அதுல என்னையப் பத்திப் போட்டியாப்பு?"

பரீட்சை அன்று காலையில் என்னை இறக்கிவிட்டது அவருக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

"எடமில்லண்ணே."

"ஒரு ஓரமாக்கூடவா?"

"ஓரத்துலயும் மூட்டை இருந்துச்சுண்ணே."

அவர் புரியாமல் சிரித்தார். ஜீப்புக்குள்ளே அம்மா புரிந்து சிரித்தாள். குரங்கணி வரும்வரை அவள் நிறுத்தவில்லை.