மரியதாஸ் அண்ணன் ஏறாத மூன்றாம் மாடி

மரியதாஸ் அண்ணன் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, என் கணினித் திரையில் அவர் மூன்றாம் மாடியில் ரோந்து போய்க்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனி காவல் பார்க்கும் பாயான் பாரு கிடங்கில் துப்புரவு வேலை செய்யும் லெட்சுமிதான் அழைத்தாள். "அக்கா, அண்ணே ரெண்டாவது மாடிப் படியில கிடக்காரு. உடம்பு ஜில்லுன்னு இருக்கு." நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெயருக்கு நேரே பச்சை எரிந்தது.

அவரோடு காவல் பார்த்த உங்களுக்கு இது தெரிந்த கதைதான். ஒவ்வொரு மாடியிலும் போனில் ஆப்பைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் சிவப்பு விழும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து நான் ஆள் அனுப்புவேன். அண்ணன் ஆப் போதாதென்று என்னையும் கூப்பிட்டுச் சொல்வார். ஒருநாள், "தங்கச்சி, இன்னிக்கு மேல போகல லா. முட்டி விடல. போகலன்னே போட்டுக்க" என்றார். மேலாளர் காட்டுக்கத்தல் கத்தினார். அண்ணன் அசரவில்லை.

அவருடைய ஜோடி குமார். அவன் போன் கைவைத்த போன். கடையில் கொடுத்து உள்ளே எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். 'என்னை யாரும் தொடவில்லை' என்று அது ஆப்பிடமே சத்தியம் செய்யும். சுங்கை பினாங் வீட்டில் இவன் மல்லாந்து கிடந்தாலும் கிடங்கில் நிற்பதாகக் காட்டும். ஆப்பின் சோதனையெல்லாம் அதனிடம் பல்லிளித்துவிட்டது. அண்ணனுக்கும் அப்படிச் செய்து தரவா என்று கேட்டானாம். "என் காலு போகாத எடத்துக்கு என் பேரு எதுக்கு தம்பி போகணும்?" என்றாராம்.

இதெல்லாம் அடக்கத்தன்று குமார் வாயாலேயே வந்தது. அண்ணன் இறந்த அந்தச் சனிக்கிழமை அவன் வேலைக்கே வரவில்லை. அண்ணனின் ரோந்து தாமதமாவது வீட்டிலிருந்தபடியே ஆப்பில் தெரிந்திருக்கிறது. சிவப்பு விழுந்தால் நான் அவனைத்தான் போய்ப் பார்க்கச் சொல்வேன், குட்டு உடைந்துவிடும். கம்பெனி எல்லாருக்கும் கொடுத்த பாஸ்வேர்டு ஒன்றே, எவரும் மாற்றியதில்லை. தன் போனிலேயே அண்ணன் பெயரில் நுழைந்து மாடி மாடியாகத் தட்டிவிட்டான். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

"எல்லாரும் செய்றதுதானே அக்கா. எங்கயாச்சும் உக்காந்திருப்பாருன்னு நெனச்சேன் லா" என்றான். சீ! அவன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டேன்.

அதைவிடக் கேவலம் கம்பெனி வைத்த மலர்வளையம். 'கடைசி ரோந்தை முடித்தே கண்மூடினார்' என்று அதன் பட்டுத்துணியில் அச்சடித்திருந்தார்கள். மேலாளருக்கு எல்லாம் தெரியும். "விடுங்கம்மா, குடும்பத்துக்கு ஆறுதலா இருக்கும்" என்று என் காதைக் கடித்தார். ஆறுதலாம்! வழக்கு வந்துவிடுமோ என்ற நடுக்கத்துக்கு இப்படியும் ஒரு பெயர்.

அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா அந்தத் துணியைத் தடவியபடி என்னிடம் கேட்டார். "எல்லா மாடியும் ஏறி முடிச்சிட்டாராம்மா?"

மேலாளர் என்னையே முறைத்தார். போகாததைப் போகவில்லை என்று சொல்லும் வாய், அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

"இல்லக்கா" என்றேன். "அவரு ரெண்டாவது மாடியிலயே விழுந்துட்டாரு. அதுக்கு மேல ஏறினது குமாரோட போனு."