சாம்பிராணி மணத்த சீஸ்

12.4.2022 – உத்தமபாளையம் சோடாக்கடையில் பழைய ஃபிரிட்ஜ்: ரூ. 4,500
28.6.2022 – வடிதுணி, கல்லுப்பு, பால் உறைய வைக்கும் மருந்து: ரூ. 615
2.7.2022 – பசும்பால் 30 லிட்டர்: ரூ. 1,140
9.7.2022 – பசும்பால் 30 லிட்டர்: ரூ. 1,140
16.7.2022 – பசும்பால் 30 லிட்டர்: ரூ. 1,140

காமயகவுண்டன்பட்டி சுருளிராஜன் ஊரோடு வந்து சேர்ந்த வருடத்தில் செய்த செலவு இது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கொடைக்கானல் மலையில் ஒரு சீஸ் பண்ணையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். உறைந்த பாலை வெட்டிப் பிழிந்து, வட்டக் கட்டிகளாக அழுத்தி, இருட்டறைப் பலகையில் அடுக்கி, தினமும் புரட்டிப்போட்டு உப்புத் தண்ணீரால் துடைக்கிற வேலை. மாதம் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். மகள் ஓவியா தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது, சமைந்தது எல்லாம் அவர் இல்லாத நாட்களில் நடந்து முடிந்தன. கல்யாணத்துக்கு மட்டும் ஒரு வாரம் லீவு கொடுத்தார்கள்.

ஓய்வு கொடுத்து அனுப்பும்போது பண்ணைக்காரர், "அடுத்த பிப்ரவரியில வாட்ச்மேன் வேலைய விட்டு நிக்கிறாரு. வேணும்னா எழுது, உனக்குத்தான் வேலை" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் மனைவி சோணையம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று.

"இனிமே அந்த மலைப்பக்கம் தலை வச்சுப் படுக்காதீக. கூழோ கஞ்சியோ, இங்கன ரெண்டு பேரும் சேந்து குடிப்போம்" என்றாள்.

அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் கூழுக்கும் ஒரு வழி வேண்டுமே. முட்டி தேய்ந்த ஆளைத் திராட்சைத் தோட்டத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? குமுளியில் ஒரு விடுதியின் தலைமைச் சமையல்காரர் ஸ்டீவன், ஆறு மாதம் பழுத்த கட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். பிடித்துவிட்டால் மாதாமாதம் வாங்கிக்கொள்வார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சுருளிராஜன் பின்னறையில் ஃபிரிட்ஜை வைத்து மூன்று கட்டிகளைப் பழுக்கப் போட்டார்.

மிஞ்சிய பாலில் செய்த சின்னக் கட்டியை இரண்டாம் மாதம் அறுத்துத் தெருவுக்குக் கொடுத்தார். எதிர்வீட்டுத் திராட்சைக்காரர் முத்துராஜா மோந்து பார்த்து, "ஏ மாப்ள, இது திங்கவா, தேச்சுக் குளிக்கவா?" என்றார். பிறகு நாலு பன்னீர்த் திராட்சையோடு சேர்த்து மென்று, "திராட்சை நல்லாருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். அக்கா ராஜாத்தி துண்டு போட்டு நல்லெண்ணெயில் வடகம் மாதிரி பொரித்து, கேப்பைக் களிக்குத் தொட்டுக்கொண்டாள். "கருவாடு கிடைக்காத அன்னைக்கு ஆகும்டா தம்பி." சோணையம்மாள் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தட்டிப்போட்டு, சுடுசோற்றில் அதைப் பிசைந்து உருக்கிச் சாப்பிட்டாள். சுருளிராஜனுக்கு எதுவும் சேர்க்கக் கூடாது. ஓரத்துத் தோல்பக்கம் ஒரு சீவல், ஒரு வாய் கடுங்காப்பி. அவ்வளவுதான்.

கட்டிகள் நன்றாகவே பழுத்தன. மேலே சாம்பல் நிறத்தில் பூசணம் பிடித்தது. அதுதான் கட்டிக்குத் தோல். கெட்டுப்போக விடாமல் உள்ளே இருப்பதைக் காப்பது. இதை அவர் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பண்ணையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை.

ஜனவரி 12ஆம் தேதி, பண்ணையில் கூட வேலை பார்த்த காமராஜ் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. சுருளிராஜன் மலையேறினார். பதினான்காம் தேதி போகி. சோணையம்மாள் வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டு, பின்னறைக்கும் போய் ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறாள்.

பொங்கலன்று மதியம் அவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"பாவம், பாத்துப் பாத்து வச்சது பூரா பூசணம் பூத்துக் கெடந்துச்சு. நாந்தான் மஞ்சத் தண்ணி தொட்டுத் துடைச்சேன். ஒரே வீச்சம் வேற. கரண்டு போன நேரமாப் பாத்து, சாம்பிராணிச் சட்டிய உள்ள வச்சுக் கதவ ஒருக்களிச்சுச் சாத்திட்டேன். இப்ப மோந்து பாருங்க."

மூன்று கட்டிகளும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி பளிச்சென்று இருந்தன. சுருளிராஜன் குனிந்து மோந்தார்.

"நல்லா இருக்கு சோணை" என்றார்.

மறுநாள் ஒரு விரல் கனத்துக்குத் தோலைச் சீவிப் பார்த்தார். உள்ளேயும் மணந்தது. அடுத்த கட்டி, அதற்கடுத்தது, எல்லாம் அப்படித்தான். இருந்தாலும் வாடை குறையும் என்று நாலு நாள் பொறுத்து, 20ஆம் தேதி காலையில் நல்லதாக ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு குமுளி பஸ் ஏறினார்.

ஸ்டீவன் நடுவில் கத்தியை இறக்கி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார்.

"சேட்டா, பக்குவம் அசலா இருக்கு. ஆனா இதென்ன மணம்?"

"வீட்டுல சாம்பிராணி போட்டாக."

ஸ்டீவன் சிரித்துவிட்டார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். "கோயிலுக்குள்ள நின்னு சாப்பிடுற மாதிரி இருக்கு. கெஸ்ட்டுக்கு எப்படிக் குடுப்பேன்? இன்னொண்ணு பண்ணிக் கொண்டாங்க, கண்டிப்பா வாங்குறேன்."

இன்னொன்று என்றால் இன்னும் ஆறு மாதம். பாலுக்குக் காசு இல்லை. பிப்ரவரி தாண்டினால் மலையில் அந்த வேலையும் இல்லை. திரும்பும் பஸ்ஸில் சுருளிராஜன் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் வந்தார்.

சோணையம்மாள் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னாக?"

"உப்பு தூக்கலாப் போச்சாம்."

"உங்களுக்கு எப்பவும் உப்புக் கைதான். மணத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"மணம் நல்லா இருக்குன்னாக."

அவள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். அவர் அன்றைக்கே பண்ணைக்காரருக்கு எழுதிப் போட்டார். கட்டிகளை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. தினமும் ஒரு துண்டு நறுக்கி, வெங்காயமும் மிளகாயும் தட்டிப்போட்டு அவர் தட்டில் வைத்தாள். அவர் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் கட்டி தீர்ந்து இரண்டாவதை அறுத்தபோது, "வாட்ச்மேன் வேலைக்கு எழுதிட்டேன்" என்றார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உப்பக் கொறச்சுப் போட்டா அடுத்த தடவ வாங்க மாட்டாகளா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மார்ச் முதல் தேதி வேலைக்கு வந்துவிடச் சொல்லி, பண்ணையிலிருந்து பதில் கடிதம் வந்தது 13.2.2023, திங்கட்கிழமை.