பின்னோக்கி வைத்த கார் சீட்

என் நாத்தனாரை நினைத்தால் முதலில் கண்முன் வருவது வேலூரில் ஒரு குழந்தைப் பொருள் கடைதான். கிரேப் பேண்டேஜ் சுற்றிய வலது கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு கார் சீட்டின் முதுகில் ஓங்கிக் குத்தினார். கடைக்காரர் பதறிப்போய், "அம்மா, மெதுவாங்க, அது டிஸ்ப்ளே பீஸ்" என்றார். "வெளிய வெச்சிருக்கறதே தாங்கலன்னா, உள்ள வெச்சிருக்கறது இன்னாத்த தாங்கும்?" என்று கேட்டுவிட்டு அடுத்ததைக் குத்தப் போனார். இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்தச் சீட்டின் காலம் முடிந்துவிட்டது. அடுத்த அளவு வாங்க வேண்டும். நான் மறுபடியும் கைபேசியைத் துழாவிக்கொண்டு, ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பதைப் படித்துக்கொண்டு, மண்டை காய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். குழப்பம் வரும்போதெல்லாம் நாத்தனார் நினைவுக்கு வருகிறார். அவர் தெளிவு தந்தவர் என்பதால் அல்ல. என் குழப்பத்தில் பாதிக்கு அவர்தான் காரணம்.

நான் காவலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவர் அங்கேயே வானாய்வகத்தில் எலக்ட்ரீஷியன். அவருடைய அக்கா சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. என் பிரசவ விடுப்பு முடிந்தபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு துணிப்பையோடு கலசப்பாக்கத்திலிருந்து மலை ஏறி வந்தார். வந்த நாள் முதல் குழந்தை அவருடையதாகிவிட்டது. பால் கொடுக்க மட்டும் என்னிடம் தருவார், அதுவும் சீக்கிரம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளைத் தருவது போல. எனக்கு அதில் கோபமும் உண்டு, நிம்மதியும் உண்டு. எது அதிகம் என்று அப்போதும் தெரியவில்லை. நாங்கள் பழைய கார் ஒன்று வாங்கியதும், வாரச் சாமான் வாங்கவும் நாத்தனாரின் வீட்டைப் பார்த்துவரவும் சனிக்கிழமைதோறும் மலை இறங்கிக் கலசப்பாக்கம் போய்வருவது வழக்கமானது. பின்சீட்டில் ஜன்னலோரம் நாத்தனார், அவர் மடியில் குழந்தை. அதைத் தவிர வேறு ஏற்பாடு ஒன்று இருக்க முடியும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, மலைப்பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் நடுச்சாலையில் குரங்குகள். கணவர் பிரேக்கை அழுத்தினார். வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் குழந்தை மடியிலிருந்து எகிறி, முன்சீட்டின் முதுகில் மோதினாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. நாத்தனார் கையை விடவில்லை. விடாமல் பிடித்ததால்தான் அவருடைய மணிக்கட்டு பிசகியது. குழந்தை கொஞ்ச நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டுக் குரங்கைக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நாத்தனார் மட்டும் போளூர் வரைக்கும் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கார் சீட் என்ற பேச்சை வீட்டில் எப்படி எடுப்பது என்று எனக்குப் புரியவில்லை. "சீட் வாங்கலாம்" என்றால் "உங்கள் கை போதாது" என்று சொன்னதாகிவிடும். வாங்காவிட்டால், அடுத்த பிரேக்கில் உதட்டோடு போகும் என்று யார் உத்தரவாதம் தருவது? கணவரிடம் சொன்னால், "நீயே அக்காகிட்ட பேசு" என்று நழுவினார். கடைசியில் நாத்தனாரே ஆரம்பித்தார். "சீட்டு ஒண்ணு விக்கிதாமே, புள்ளைங்கள கட்டி வெக்கறதுக்கு? அத்த வாங்கிடுங்க" என்றார், சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே. கேட்டதும் மனது லேசாகியிருக்க வேண்டும். ஆனால் அவர் கோபத்தில் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா, உண்மையிலேயே மனம் ஒப்பிச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாங்கப் போனால் அது அரிசி வாங்குவது போல இல்லை. எடை பார்த்து வாங்கு என்கிறார்கள், உயரம் பார்த்து வாங்கு என்கிறார்கள், வயது பார்த்து வாங்கு என்கிறார்கள். என் மகள் எடைக்கு ஒரு சீட்டிலும் உயரத்துக்கு இன்னொன்றிலும் பொருந்தினாள். சிலதை மாட்ட காரில் இரும்புக் கொக்கி இருக்க வேண்டுமாம். எங்கள் பழைய காரில் பெல்ட்டே ஒட்டடை படிந்துதான் கிடந்தது. பள்ளியில் கேட்டால், "நாமெல்லாம் டிவிஎஸ் பிப்டியில முன்னாடி நின்னுக்கினு வளந்தவங்க டீச்சர்" என்று சிரித்தார்கள். எதைப் படித்தாலும் ஒன்றில் மட்டும் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். இந்த வயதுக் குழந்தையைப் பின்னோக்கித்தான் உட்கார வைக்க வேண்டும், கழுத்துக்கு அதுதான் பாதுகாப்பு.

அன்று கடையில் எல்லாச் சீட்டையும் குத்தி முடித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் இதை நாத்தனாரிடம் சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா சொல்ற? ஊட்ட வுட்டுக் கெளம்பிட்டா திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு பெரியவங்களுக்கே சொல்றோம். பச்சக் கொழந்த மல எறங்கற வரைக்கும் திரும்பியே பாத்துக்கினு வரணுமா?" என்றார். கடைக்காரர் இந்தக் கேள்வியை இதற்கு முன் கேட்டிருக்க மாட்டார். "இதுல ரெண்டு பக்கமும் வெச்சிக்கலாங்க, முன்னாடியும் பாக்கலாம், பின்னாடியும் பாக்கலாம், உங்க இஷ்டம்" என்று வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொண்டார். நான் அறிவியல் பாடம் நடத்துகிறவள். ஆனாலும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஏதாவது மறந்தது நினைவு வந்தால்கூட நான் தலையைத் திருப்ப மாட்டேன். வண்டியை நிறுத்தி, இறங்கி, உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். அதனால் நாத்தனாரைப் பார்த்து மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் ஒரு சமரசம் செய்துகொண்டோம். உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. வீட்டு வாசலில் சீட்டை முன்னோக்கி மாட்டுவோம். குழந்தை நேராகப் பார்த்தபடி ஊரைவிட்டுக் கிளம்புவாள். ஊர் எல்லையில் சூலம் நட்டிருக்கும் இடம் தாண்டியதும் காரை ஓரம் கட்டுவோம். நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொள்ள, நாங்கள் இருவரும் சீட்டைக் கழற்றிப் பின்னோக்கித் திருப்பி மாட்டுவோம். எல்லை தாண்டிவிட்டால் திரும்பிப் பார்ப்பது கணக்கில் வராது என்பது நாத்தனாரின் தீர்ப்பு. திரும்பி வரும்போது தொல்லையில்லை. வீட்டை நோக்கி வருகிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் பார்க்கலாமாம். பேருந்தில் போகிறவர்கள், நாங்கள் சாலையோரம் ஒரு நாற்காலியோடு மல்லுக்கட்டுவதை எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தாலும், எல்லோர் மனமும் கோணாமல் ஒரு வழி கிடைத்ததே என்று உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரு மழைத்தூறலில் போனது. நனையாமல் இருக்க அவசர அவசரமாகச் சீட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டு கிளம்பினோம். வளைவுகள் தொடங்கியதும் சீட்டு குழந்தையோடு சேர்ந்து நாத்தனார் பக்கமாகச் சாய்ந்தது. அவர் இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு, "நிறுத்துடா, நிறுத்து!" என்று கத்தினார். நிறுத்திப் பார்த்தோம். முன்னோக்கி வைக்கும்போது பெல்ட்டை ஒரு வழியாக விட வேண்டும், பின்னோக்கி வைக்கும்போது வேறு வழியாக. நாங்கள் சீட்டைத் திருப்பிவிட்டுப் பெல்ட்டை மட்டும் பழைய வழியிலேயே விட்டிருந்தோம். சும்மா பேருக்குத்தான் அது அங்கே கிடந்தது. இரண்டு பக்கமும் ஆழமான பள்ளம். குழந்தை பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. கணவர் பெல்ட்டை உருவிச் சரியான வழியில் விட்டு மாட்டினார். நாத்தனார் மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து வந்து, "இனிமே எங்கயும் கழட்டி மாட்டாதீங்க. ஊட்டுலயே பின்னாடி பாக்கற மாதிரி மாட்டிடுங்க, அது அங்கியே கெடக்கட்டும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் எங்களோடு கிளம்பவில்லை. கேட்டதற்கு, "ஆளில்லாத ஊட்டத் திரும்பிப் பாக்கறதுதாம்மா ஆவாது. வாசல்ல ஆள் நின்னா பாக்கலாம். நான் நிக்கறேன், அவ என்னப் பாத்துக்கினு போவட்டும்" என்றார். இப்படி ஒரு விதிவிலக்கை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. என் அம்மாவைத் தொலைபேசியில் கேட்டேன். அவரும் கேள்விப்பட்டதில்லை என்றார். எங்களுக்காகவே நாத்தனார் அப்போது இட்டுக்கட்டியதா, இல்லை அவர்கள் குடும்பத்தில் உண்மையிலேயே அப்படி ஒன்று உண்டா? கணவர், "அக்கா சொன்னா இருக்கும்" என்றதோடு சரி. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாரத்துக்கு ஒருமுறை தன் வீட்டைப் பார்க்கப் போவதையும், குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து மலை இறங்குவதையும் அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். நான் அப்படிக் கேட்கவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. தடுத்திருந்தால், மறுபடி அந்தச் சூலத்தடியில் நின்று சீட்டைக் கழற்றச் சொல்வாரோ என்று பயந்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வாசலில் நின்று கையை ஆட்டுவார். நான் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தைக்கு டாட்டா சொல்லு" என்பேன். குழந்தை கையை ஆட்டாமல் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கார் வாசலுக்குக் கொஞ்சம் கீழே நின்றிருந்தபோது, சீட்டில் அவள் தலை இருக்கும் இடத்தில் என் தலையை வைத்துப் பார்த்தேன். பின்கண்ணாடி வழியாக வாசல் தெரியவில்லை. எங்கள் வீட்டுத் தெரு இறக்கமாகப் போகிறது. மொட்டை மாடியின் விளிம்பும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்தன. அத்தனை வாரமும் நாத்தனார் தன்னைப் பார்க்காத கண்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் திண்டாடினேன். சொன்னால் அவர் அங்கே நிற்பதற்கு அர்த்தமே போய்விடும். சொல்லாமலே விட்டேன்.

பிறகொரு வெள்ளிக்கிழமை, நாத்தனார் கார் கதவைத் திறந்து சீட்டில் அப்பியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் உள்ளேயே குனிந்திருந்தார். வெளியே வந்து துணியை உதறிவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை நாங்கள் கிளம்பியபோது வாசலில் அவர் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. கோபித்துக்கொண்டாரா, உடம்புக்கு ஏதாவதா என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "நேரமாச்சு" என்று கணவர் வண்டியை எடுத்தார். கார் இறக்கத்தில் உருளத் தொடங்கியதும் குழந்தை இரண்டு கையையும் உயர்த்தி, "த்தை! த்தை!" என்று துள்ளினாள்.

என் வாழ்நாளில் முதல்முறையாக, வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் மொட்டை மாடியின் விளிம்பில், புடவை காற்றில் அடித்துக்கொள்ள, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஆட்டுவதை நிறுத்தினார். விரலை நீட்டி, முன்னால் பார் என்று அதட்டுவது போல எனக்குச் சைகை காட்டினார். நான் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். என் பக்கத்தில் குழந்தை இன்னும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.