சைவநெறிக்கு முதற் பரிசு

சீமெந்துத் தரையில் கதிரையை இழுக்கும்போது எழும் அந்தக் "கிறீச்" சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்கு முதலில் பல் கூசும், பிறகு செவ்வாய்க்கிழமையின் மூன்றாம் பாடம் நினைவுக்கு வரும். அது சமயப் பாட நேரம். மணி அடித்ததும் சைவப் பிள்ளைகள் நாங்கள் இருந்த இடத்திலேயே இருப்போம். நாங்கள் "வேதக்காரர்" என்று சொல்லும் கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு, அவர்களுக்குப் படிப்பிக்க ஒரு சிஸ்டர் வந்து காத்திருக்கும் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். வெளியில் இருப்பதற்கு வேறு கதிரை இல்லாத பள்ளிக்கூடம் அது. அவர்கள் எல்லோரும் போன பிறகு றிசானாவும் தன் கதிரையை இழுத்துக்கொண்டு வெளியே போவாள். ஆனால் அவளுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருக்கவில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்தில் யுத்தம் முடிந்து சனங்கள் மீளக் குடியேறிய காலம். நாங்கள் முகாமிலிருந்து வந்திருந்தோம். றிசானாவின் குடும்பம் புத்தளத்திலிருந்து வந்திருந்தது. தொண்ணூறில் ஊரை விட்டுப் போகவேண்டி வந்த முஸ்லிம் ஆட்கள் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் றிசானா பிறந்ததே புத்தளத்தில்தான். "உங்கட ஊர் எப்பிடி?" என்று நான் கேட்டால், "எந்த ஊர்?" என்று திருப்பிக் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. கேட்டு எழுதியிருக்கிறோம், வருவார் என்று அதிபர் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் வகுப்போ தகரக் கூரையும் அரைச்சுவரும் மட்டும் கொண்ட ஒரு கொட்டில். அரைச்சுவருக்கு வெளியே ஒட்டினாற்போல் கதிரையைப் போட்டுக்கொண்டு, தலையில் போட்ட வெள்ளைத்துணி மட்டும் எங்களுக்குத் தெரிய, அந்தப் பாட நேரம் முழுவதும் அவள் அங்கேயே இருப்பாள்.

சைவநெறி படிப்பித்தவர் கௌரி ரீச்சர். உருத்திரபுரத்திலிருந்து விடிய வெள்ளென பஸ் ஏறி வந்து, ஆறிப் போகாத கோபத்தோடு வகுப்புக்குள் நுழைவார். அன்பான ரீச்சர் என்றெல்லாம் எங்களில் யாரும் அவரைச் சொல்ல மாட்டோம். கரும்பலகையில் எழுதுகிற சோக்கட்டியை எறிந்தால் குறி தப்பாது. ஒரு நாள் எங்களில் ஒருவருக்கும் விடை தெரியாத கேள்விக்கு அரைச்சுவருக்கு அப்பாலிருந்து விடை வந்தது. ரீச்சர் எட்டிப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. "பதில் தெரிஞ்ச ஆள் ஏன் வெளியில நனைஞ்சுகொண்டு இருக்கிறீர்? கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ள வாரும்" என்றார். அன்றிலிருந்து றிசானா சமய நேரத்திலும் என் பக்கத்தில் இருந்தாள்.

புதன்கிழமை வகுப்பு எப்படித் தொடங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ரீச்சருக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்ததோ, ஒரு நாள் "நாளையிலயிருந்து புதன்கிழமையளில பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு கொஞ்ச நேரம் எல்லாச் சமயமும் கதைக்கப் போறம். விருப்பமான ஆக்கள் மட்டும் இருங்கோ. சோதினை இல்லை, மாக்ஸ் இல்லை" என்று சொன்னார். மாக்ஸ் இல்லை என்றதும் பாதி வகுப்பு இருந்துவிட்டது. அங்கே ஒரே ஒரு சட்டம்தான். தன்னுடைய சமயத்தைத் தானே சொல்லக்கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, அவருடைய சமயத்தைச் சொல்ல வேண்டும். பிழை விட்டால் அவர் எழும்பித் திருத்துவார்.

அந்தச் சட்டம் எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. கடற்கரைப் பக்கமிருந்து வரும் அமலன் எழும்பி, "சைவக்காரர் விரதமெண்டால் மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டினம், ஆனா வாழையிலையில வழமையை விடக் கூடக் கறி வைச்சுச் சாப்பிடுவினம்" என்றான். திருத்துங்கோ என்று ரீச்சர் எங்களைப் பார்த்தார். எங்களால் திருத்த முடியவில்லை. கடைசியில் ரீச்சரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் கண்டது அன்றைக்குத்தான். நான் நோன்பைப் பற்றிச் சொல்லும்போது, பகலில் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். றிசானா துள்ளி எழும்பினாள். "தண்ணியும் இல்லை ரீச்சர், ஒரு சொட்டும் இல்லை!" எனக்கு நம்ப முடியவில்லை. அந்த வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் எப்படி என்று அடுத்த நாள் நானும் ஒருதரம் முயன்று பார்த்தேன். இடைவேளை மணி அடித்ததும் குழாய்க்கிணற்றடியில் முதலில் நின்றவள் நான்தான். பம்பை அடித்துத் தண்ணீர் தந்தவள் றிசானா. "உனக்கு நோன்பு சரிவராது, நீ வாழையிலையோடயே இரு" என்று அவள் நையாண்டி பண்ணியது இப்போதும் காதில் கேட்கிறது.

வருடக் கடைசிப் பரீட்சை வந்தது. சமயத்துக்குப் புள்ளி இல்லாவிட்டால் மொத்தம் குறையும், மொத்தம் குறைந்தால் பிள்ளை வகுப்பில் பின்னுக்குப் போய்விடும். றிசானா கெட்டிக்காரி. இரண்டு தவணையும் அவளுடைய ரிப்போட்டில் சமயத்துக்கு நேரே வெறுமையாகவே இருந்தது. புள்ளி என்று வந்துவிட்டால் கௌரி ரீச்சருக்கு அந்த வெறுமை பொறுக்காது. "சும்மா இருக்காமல் இந்தப் பேப்பரைச் செய்யும், தெரிஞ்சதை எழுதும்" என்று சைவநெறி வினாத்தாளை அவளிடம் நீட்டினார். அவளும் எழுதினாள். நாயன்மார் கதையெல்லாம் வரிசை குலையாமல் எழுதினாள் என்று ரீச்சர் பிறகு எங்களிடம் சொன்னார். வகுப்பிலே சைவநெறிக்குக் கூடிய புள்ளி அவளுக்குத்தான். இரண்டாவது நான்.

அந்தப் புள்ளி ரிப்போட்டோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் பரிசளிப்பு விழாவுக்குப் பெயர் தெரிந்தெடுத்தவர்கள் புள்ளியை மட்டும் பார்த்தார்கள். சைவநெறிக்கான முதற் பரிசு ஊர்ப் பிள்ளையார் கோயில் சபை கொடுக்கும் ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கு. பந்தல் நிறையச் சனம். ஒலிபெருக்கியில் பெயர் வந்தது. "சைவநெறி, முதலாம் இடம், றிசானா..." யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த கோயில் சபைக்காரர் ஒருவர் அதிபர் பக்கம் திரும்பி, "என்ன மாஸ்டர் இது?" என்று உரக்கவே கேட்டார். றிசானா பாதி எழும்பி, பின்வரிசையில் இருந்த தன் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்படியே இருந்துவிட்டாள். மைக்கில் ஒரு குசுகுசுப்பு, கொஞ்சம் தாமதம். பிறகு என்னுடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் போய் வாங்கினேன். பெயர் கூப்பிட்டால் போய் வாங்கவேண்டும் என்பதற்கு மேல் அந்த வயதில் எனக்கு என்ன தெரியும்? விளக்கு கையில் குளிர்ந்தது. திரும்பி வந்து இருக்கும்போது றிசானா சற்றுத் தள்ளி எனக்கு இடம் விட்டாள்.

மறுநாள் காலையில் அவளுடைய வாப்பா வந்தார். சந்தையில் உடுப்புக் கடை வைத்திருந்தவர், மெதுவாகக் கதைக்கிற மனிதர். வகுப்பு வாசலிலே நின்றுதான் ரீச்சரோடு கதைத்தார். அரைச்சுவர் என்பதால் எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"ரீச்சர், நான் உங்களில பிழை சொல்லேல்ல. நீங்க பிள்ளையில வச்ச இரக்கம் எனக்கு விளங்குது. ஆனா நாங்க இப்பதான் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறம். எங்கட மார்க்கம் சொல்லிக் குடுக்க இங்க ஆள் இல்ல. உங்கட சமயத்தில என்ர பிள்ளை முதலாமாள் எண்டு மைக்கில சொன்னா, பள்ளிவாசல்ல நான் எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

"ரிப்போட்டில வெறுமையா விட எனக்கு மனம் வரேல்ல, அண்ணை" என்றார் ரீச்சர்.

"அது வெறுமையாவே இருந்திருக்கலாம், ரீச்சர்."

கௌரி ரீச்சர் உள்ளே வந்து கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார். கோயில் சபைக்காரர்கள் வேறு அதிபரிடம் போய், எங்கட பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பிக்கிறியள் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பயந்துதான் பேசினார்கள் என்று இன்றைக்கு எனக்கு விளங்குகிறது. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்கு, மிச்சமிருந்ததையும் யாரோ எடுத்துவிடுவார்கள் என்கிற பயம். புதன்கிழமை வகுப்பு அந்தக் கிழமையோடு நின்றது. புதுவருடம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது றிசானா இல்லை. படிப்பதற்காக அவளை உம்மாவோடு புத்தளத்துக்கே அனுப்பியிருந்தார்கள்.

போவதற்கு முதல்நாள் எங்கள் வீட்டு வாசல் படலையடிக்கு வந்தாள். விளக்கை அவளிடம் நீட்டினேன். "இது உன்ர."

"கொண்டுபோய் எங்க வைக்கிறது? உம்மா கேட்டா நான் என்ன சொல்லுறது?" என்று சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் அதன் திரி வைக்கிற இடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். "நீயே வச்சிரு. ஆனா ஆராவது கேட்டா என்ர பெயரைச் சொல்லு."

இப்போது நான் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். அங்கே சமயப் பாட மணி அடித்தால் ஒவ்வொரு சமயத்துக்கும் ஓர் அறை, ஓர் ஆசிரியர். இஸ்லாம் படிப்பிக்கவும் ஆள் உண்டு. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளையும் வெளியில் இருந்து நனைவதில்லை. ஆனால் முழுச்சுவர் வைத்த அறைகள் அவை. பக்கத்து அறையில் என்ன சொல்கிறார்கள் என்பது எந்தப் பிள்ளைக்கும் கேட்பதில்லை. போன தவணை நடந்த ஆசிரியர் கருத்தரங்கொன்றில், விரும்பிய பிள்ளைகளுக்கு உலகச் சமயங்களைப் பற்றி ஒரு பாடம் வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு சாப்பாட்டுப் பார்சல் வந்தது. அந்தப் பாடத்தை நான் படித்திருக்கிறேன் என்று பின்வரிசையிலிருந்து எழும்பிச் சொல்லியிருக்கலாம், நானும் என் பார்சலைப் பிரித்தேன்.

விளக்கு எங்கள் வீட்டுச் சாமி அறையில் இருக்கிறது. பின்னேரத்தில் அம்மா அதைக் கொளுத்தும்போது யாராவது வந்திருந்தால், "இது என்ர பிள்ளை பள்ளிக்கூடத்தில சைவநெறிக்கு எடுத்த முதற் பரிசு" என்பார்.

நான் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றாலும் வெளியே வந்து சொல்லுவேன்: "எனக்கு ரெண்டாம் இடம் அம்மா. முதலாவது றிசானா."