வெயிலில் நீண்ட சங்கிலி

பிள்ளைகளே, நேற்று மூத்தவளின் பள்ளிப் புத்தகத்தில் ஓர் அட்டவணையைப் பார்த்தேன். சூட்டில் எந்த உலோகம் எவ்வளவு நீளும் என்று போட்டிருந்தது. இரும்பு என்ற வரியில் என் ஏழு வயது திரும்பி வந்தது.

கொடும்பாளூர் வயலைப் பாகம் பிரித்த நாள் அது. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஐந்தைந்து சங்கிலி நீளம். துருவாடை அடிக்கும் அளவுச் சங்கிலியைப் பெரியப்பாதான் இழுத்தார். எங்கள் பங்கைக் காலையிலும் தன் பங்கை உச்சிவெயிலிலும் அளந்தார். அவர் பங்கு நாலு தப்படி கூடுதலாக இருந்தது.

"என்னண்ணே, ஒங்க பக்கம் மட்டும் நீளுதே?" என்றார் அப்பா.

"வெயில்ல இரும்பு நீளும்டா. வேணும்னா சூரியனைப் போயிக் கேளு!"

பங்காளிகள் சிரித்தார்கள். அப்பா தலைகுனிந்து நின்றார்.

நேற்று அந்த அட்டவணையை வைத்து மூத்தவள் கணக்குப் போட்டாள். ஐந்து சங்கிலிக்கும் சேர்த்து ஒரு சாண்கூட நீளாதாம்.

ஆடிப் படையலுக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். பெரியப்பாவுக்குத் தொண்ணூறு வயது. அவருக்குக் காது கேட்கும்போதே இந்தக் கணக்கை எல்லார் முன்னாலும் வாசித்துவிட வேண்டும்.