மூன்று பாட்டு மக்ரூன்

என் வீட்டுக்காரரின் மக்ரூனுக்குத் தூத்துக்குடியில் கொஞ்சம் பேர் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்கள் பேக்கரி. கல்லாவில் நான், உள்ளே முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் கம்பி மத்தால் நுரைக்க அடிப்பது அவர். எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், "எல்லாம் கைப்பக்குவம்" என்பதோடு சரி. மேற்கொண்டு வாய் திறக்க மாட்டார். அந்தக் கைப்பக்குவத்தின் லட்சணம் போன வருஷம் ஒரு கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கடையில் சினிமாப் பாட்டுப் போடுவதற்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று பாட்டு உரிமைக்காரர்களின் அந்தக் கடிதம் மரியாதையாகவே சொன்னது. இவருக்கு வந்ததே கோபம்.

"ஏளா, என் கடையில நான் போடுத பாட்டுக்கு எவனுக்குப் பணம் கட்டணும்?"

"உங்க மக்ரூனை எவனாவது ஓசியில கேட்டா குடுப்பியளா?" என்றேன்.

நேரே போய் ஸ்பீக்கரை அணைத்தார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம் போனில் முறையிட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இசையமைத்தவர்களே எழுதி வைத்து வெளியிடும் இசை இருக்கிறது என்று சொல்லி, ஒரு தொகுப்பை அனுப்பினாள். அவர்கள் பெயரைப் போட்டால் போதும். ஏழெட்டு வெளிநாட்டுப் பெயர்களை அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினேன். உப்பு லாரி ஓட்டும் வாடிக்கைக்காரர் ஒருவர் அதை நிதானமாக வாசித்துவிட்டு, "இத்தனை பேரு கடையில பங்கு சேந்துருக்காவளா மைனி?" என்று கேட்டார். இசை எப்படி இருக்கிறது என்றேன். "பல் டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டு உக்காந்த மாதிரி இருக்கு" என்றார்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். மக்ரூன் பொறுக்கவில்லை. முதல் நாள் தட்டில் அப்பளமாகப் படுத்துவிட்டது. மறுநாள் அடி மிஞ்சி நுரை நீர் விட்டது. மூன்றாம் நாள் பிடித்து வைத்து விசாரித்ததில் உண்மை வந்தது. வழக்கமாகப் போடும் மூன்று சினிமாப் பாட்டு முடியும்வரை அடிப்பார்; அவ்வளவுதான் கைப்பக்குவம். புதிய இசைக்கோ, எங்கே தொடங்கி எங்கே முடிகிறோம் என்று அதற்கே தெரியாது.

பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்து நுரை விழாமல் நின்றால் சரிதானே என்றேன். அதெல்லாம் தொழில் பழகுகிறவர்கள் செய்வதாம். கடிகாரத்தைப் பாருங்கள் என்றேன். மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் ஒரே நேரமா என்றார். பாட்டு மட்டும் மழைக்கு நீளுமா என்று நான் கேட்கவில்லை. காதில் வயர் மாட்டிப் பழைய பாட்டையே கேளுங்கள் என்றால், நுரை எழும்பும் சத்தம் கேட்காதாம். கடைசியில் தானே முணுமுணுத்துப் பார்த்தார். பதற்றத்தில் மூன்று பாட்டையும் ஒன்றரைப் பாட்டு நேரத்தில் முடித்துவிட்டார்.

சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் அந்த வாரம் புன்னைக்காயலில் ஒரு கல்யாணத்துக்கு மக்ரூன் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். இவரை நம்பி அவர்கள் வேறெங்கும் சொல்லவில்லை. முந்தின நாள் காலையில் இரண்டு பாத்திரம் வீணான பிறகு, மூன்றாவதற்கு முன்னால் மத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். "எனக்குத் தொழிலே தெரியாதோளா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பயந்துபோனேன்.

எழுதியவர் போய்ச் சேர்ந்து அறுபது வருஷம் தாண்டிய பாட்டுக்கு யாரும் கட்டணம் கேட்க முடியாது என்று மகள் சொல்லியிருந்தாள். நான் நாசரேத்துக்காரி. கல்யாணத்துக்கு முன் சர்ச்சில் பாடகர் குழுவில் இருந்தவள். அந்த மாதிரிப் பழைய கீர்த்தனைகள் எனக்கு எத்தனையோ தெரியும்.

"நீங்க அடிங்க, நான் பாடுதேன்" என்றேன்.

"நீயா?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. இருபத்தாறு வருஷமாக அந்தக் கடையில் ஸ்பீக்கர்தான் பாடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் குரலெடுத்துப் பாட எனக்குத் தோன்றியதில்லை. பாடச் சொல்ல அவருக்கும் தோன்றியதில்லை. இப்போது நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பல்லவியில் குரல் பிசிறியது. முதல் சரணத்தில் சரியாயிற்று. அவர் கையும் அதன் போக்கிலேயே சுழன்றது. அப்படியே இரண்டு கீர்த்தனை போய், மூன்றாவதின் இரண்டாவது சரணம் முடியும்போது மத்தை வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். நுரை அசையாமல் நின்றது. வேலை முடிந்ததென்று நானும் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார், கவிழ்த்த பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே. "மிச்சத்தையும் பாடு."